ஹெர்பிஸ் இல்லை என்று வந்த பிறகும் பயமா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ரத்தப் பரிசோதனையில் ஹெர்பிஸ் இல்லை என்று வந்துவிட்டது. நம்பிக்கை வராமல் வேறு லேபிலும் பார்த்தாயிற்று. அங்கும் நெகட்டிவ். ஆனாலும் தொடை இடுக்கில் லேசாகச் சுருக்கென்றால் போதும், நெஞ்சு படபடக்கிறது. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, செல்போன் டார்ச்சை அடித்து அதே இடத்தைப் பார்க்கிறார்கள். நேற்று எடுத்த படத்தையும் இன்று எடுத்த படத்தையும் விரலால் பெரிதாக்கி மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பையன்கள், பழைய உறவொன்றை நினைத்து உள்ளுக்குள் புழுங்கும் பெண்கள், கருவுற்றவர்கள் என்று இந்தத் தவிப்பில் இருப்பவர்கள் பலர். வீட்டில் யாரிடமும் வாய் திறக்க முடியாது என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: சரியான பரிசோதனையைச் சரியான காலத்தில் செய்து நெகட்டிவ் என்று வந்துவிட்டால், இன்னொரு பரிசோதனை புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை. மிச்சமிருப்பது பயம். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

● ரிப்போர்ட்டைக் கையில் எடுத்து, எந்தப் பரிசோதனை செய்தார்கள் என்று படியுங்கள். 'ஹெர்பிஸ் டெஸ்ட்' என்று ஒன்றே ஒன்று கிடையாது. புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து பிசிஆர் முறையில் பார்ப்பது ஒன்று. ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடுவது மற்றொன்று. ரத்தப் பரிசோதனையிலும் ஐஜிஜி, ஐஜிஎம் என்று இரண்டு உண்டு. ஹெர்பிஸ் வைரஸின் இரு வகைகளான எச்எஸ்வி-1, எச்எஸ்வி-2 இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும் ஐஜிஜி பரிசோதனைதான் பயன்படும். பிறப்புறுப்பு ஹெர்பிஸில் திரும்பத் திரும்ப வந்து தொல்லை தருவது பெரும்பாலும் எச்எஸ்வி-2. எச்எஸ்வி-1 உதட்டோரக் கொப்புளமாக நமக்குத் தெரிந்தது. வாய்வழி உறவால் அது கீழேயும் வரலாம்.

● நாள் கணக்கைப் பாருங்கள். தொற்றியிருந்தால் புண் 2 முதல் 12 நாட்களுக்குள் தலைகாட்டும். ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் உருவாக அதைவிட நாளாகும். சிலருக்கு மூன்று நான்கு வாரங்கள், பெரும்பாலானவர்களுக்கு 12 வாரங்களுக்குள். ஆகவே உறவு கொண்டு பத்தே நாளில் கொடுத்த ரத்தம் நெகட்டிவ் என்றால் அதற்கு அர்த்தமில்லை; 12 வாரம் கழித்து ஒருமுறை கொடுங்கள். அப்போதும் எச்எஸ்வி-2 நெகட்டிவ் என்றால் அதை நம்பலாம். எச்எஸ்வி-1 விஷயத்தில் இந்த ரத்தப் பரிசோதனை சற்றுப் பலவீனமானது, சிலருக்கு இருந்தும் காட்டாது. அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு எச்எஸ்வி-1 இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது சின்ன வயதிலேயே, வீட்டார் கொடுத்த முத்தத்தில் வந்தது.

● உண்மையிலேயே புண் வந்தால், தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். ஹெர்பிஸுக்கென்று ஒரு முகம் உண்டு. சிவந்த தோலின் மேல் நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வரும். ஓரிரு நாளில் உடைந்து புண்ணாகும், தொட்டால் எரியும், பிறகு பொருக்குத் தட்டி ஆறும். முதல் முறை என்றால் காய்ச்சலும் தொடை இடுக்கில் நெறிகட்டுதலும் சேர்ந்து வரலாம். கொப்புளம் ஈரமாக இருக்கும்போது எடுக்கும் பிசிஆர்தான் எல்லாப் பரிசோதனைகளிலும் உறுதியானது. பொருக்குத் தட்டிய பிறகு எடுத்தால் வைரஸ் சிக்காமல் போகலாம். ஆளுக்கு ஆள் இது லேசாகவும் வரும் என்பது உண்மை. ஆனால் வாரக்கணக்கில் தோலில் எதுவுமே தெரியாமல், இன்று தொடையில், நாளை பாதத்தில், மறுநாள் உள்ளங்கையில் என்று இடம் மாறி மாறிக் குறுகுறுக்கும் எரிச்சல் ஹெர்பிஸின் வழக்கமான குணமல்ல. பதற்றத்துக்கு அந்தக் குணம் உண்டு.

● "ஹெர்பிஸ் இல்லையென்றால் இது என்ன டாக்டர்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் வெளியே வருவதால்தான் பாதிப் பேருக்கு நிம்மதி வருவதில்லை. ஷேவ் செய்த இடத்தில் வேர்க்கால் வீங்கி வரும் பரு, படர்தாமரை, பூஞ்சைத் தொற்று, சிரங்கு, சோப்பும் நாப்கினும் ஒத்துக்கொள்ளாத அரிப்பு ஆகிய எல்லாமே அந்த இடத்தில் வரக்கூடியவை. ஆண்குறி மொட்டின் விளிம்பில் வரிசையாக இருக்கும் முத்துப் போன்ற சிறு மேடுகள் நோயே அல்ல, இயல்பான உடல் அமைப்பு. இன்னொன்றைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை: மருந்து ஒவ்வாமைப் புண். வயிற்றுப்போக்குக்கும் உடல்வலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளால், சிலருக்கு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், பெரும்பாலும் உதட்டிலோ ஆண்குறியிலோ, சிவந்து கொப்புளித்து ஆறும். ஆறிய இடம் கருத்துப்போகும். திரும்பத் திரும்ப வருவதால் பார்ப்பவர்கள் ஹெர்பிஸ் என்றே முடிவுகட்டிவிடுவார்கள். புண் வந்ததற்கு முன்தினம் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று யோசித்து, பெயரை எழுதிக்கொண்டு போங்கள்.

● எச்ஐவி, சிபிலிஸ் இரண்டுக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹெர்பிஸ் பயத்தில் மூழ்கி இவற்றை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, கண்ணில் படாமலும் போகும். ஆனால் பென்சிலின் ஊசியில் முழுசாகக் குணமாகும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. மற்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்கான பிரிவு உண்டு. தினமும் இதையே பார்க்கிறவர்கள் அவர்கள். நீங்கள் சொல்லப்போவது எதுவும் அவர்களுக்குப் புதிதல்ல.

செய்யக்கூடாதவை

● ஐஜிஎம் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஹெர்பிஸுக்கு ஐஜிஎம் பரிசோதனை வேண்டாம் என்றே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அது வகையைப் பிரித்துக் காட்டாது, புதிதாக வந்ததா பழையதா என்பதையும் சொல்லாது. நம் ஊரில் இது பெண்கள் தலையில்தான் அதிகம் விடிகிறது. கரு கலைந்தால் 'டார்ச்' என்று ஒரு கூட்டுப் பரிசோதனை எழுதுவார்கள். அதில் ருபெல்லாவோடும் டாக்சோபிளாஸ்மாவோடும் ஹெர்பிஸும் ஒரு வரியாக இருக்கும். பல லேப்களில் இரண்டு வகையையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் போடுவார்கள். குழந்தைப் பருவத்தில் உதட்டுக் கொப்புளம் வந்து போன பெண்ணுக்கும் அங்கே பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் விழும். அதைக் கூகுளில் தேடிப் பார்த்த புருஷன், "யாரிடமிருந்து வந்தது?" என்று கேட்டால் அந்த வீட்டில் என்ன மிஞ்சும்? அந்த வரியை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் அளக்காதீர்கள். அதற்கான பரிசோதனை அல்ல அது.

● லேப் மாற்றி லேப் ஓடாதீர்கள். ஒரே பரிசோதனையைப் பலமுறை செய்தால் என்றாவது ஒருநாள் பொய்யான பாசிட்டிவ் வரத்தான் செய்யும். எச்எஸ்வி-2 ஐஜிஜியில் 1.1 முதல் 3 வரையிலான எண்கள் அப்படிப் பொய்யாக வருவது சகஜம். அப்படி வந்தால் வேறொரு முறையில் உறுதி செய்யாமல் நம்பக்கூடாது என்று 2021-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று அந்நாட்டு நோய்த்தடுப்புப் பணிக்குழு 2016-லும் 2023-லும் சொன்னதற்கு இந்தப் பொய் பாசிட்டிவ்களும் ஒரு காரணம். புதிதாகப் புண் வந்தால் ஒழிய, புதிதாக உறவு ஏற்பட்டால் ஒழிய, மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டாம்.

● டார்ச் அடித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். தேய்த்துத் தேய்த்துப் பார்த்த தோல் சிவக்கும், சிவந்த தோல் எரியும், எரிந்தால் மறுபடி பார்க்கத் தோன்றும். செல்போனில் இருக்கும் படங்களை அழித்துவிடுங்கள். ஒரேயடியாக முடியவில்லை என்றால், ஒரு நாளைக்கு ஒருமுறை, குளிக்கும்போது மட்டும் என்று வைத்துக்கொண்டு, பிறகு அதையும் விடுங்கள். தெரிந்தவர்களிடமும் மருத்துவரிடமும் "நிஜமாகவே இல்லைதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் இதே ரகம். பதில் கிடைத்த அரைமணி நேரம் நிம்மதி, அப்புறம் பழைய கதை.

● மருந்துக்கடையில் கேட்டு க்ரீம் தடவாதீர்கள். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்து விற்கும் க்ரீம்கள் தொடை இடுக்கின் மெல்லிய தோலை இன்னும் மெலிதாக்கும், படர்தாமரையை அடையாளம் தெரியாமல் பரப்பும். எரிச்சலும் கூடும். அதையும் ஹெர்பிஸ் கணக்கில் எழுதிக்கொள்வீர்கள்.

● "எதற்கும் இருக்கட்டும்" என்று ஹெர்பிஸ் மருந்தான அசைக்ளோவிரை விழுங்காதீர்கள். மாத்திரை போட்ட பிறகு புண்ணைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்தால் வைரஸ் சிக்காமல் போகலாம். அப்புறம் அந்த நெகட்டிவையும் நம்ப மாட்டீர்கள்.

● அக்கியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மருத்துவச் சீட்டில் 'ஹெர்பிஸ் ஜோஸ்டர்' என்று எழுதியிருந்தால் அது அக்கி. சின்ன வயதில் அம்மை போட்டபோது உடம்பில் தங்கிய வைரஸ், பிற்காலத்தில் ஒரு பக்கமாக மட்டும் கொப்புளமாகக் கிளம்புவது. உறவால் வருவதல்ல. காவியில் அக்கி எழுதிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாமல், மூன்று நாளைக்குள் மருத்துவரைப் பார்த்தால் வலி குறையும்.

● ஒருவேளை இருந்தாலும் வாழ்க்கை போயிற்று என்று நினைக்காதீர்கள். உலகில் 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 52 கோடிப் பேருக்கு எச்எஸ்வி-2 இருப்பதாக உலக சுகாதார அமைப்பு கணிக்கிறது. அவர்கள் கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். வைரஸை அடியோடு விரட்ட மருந்து இல்லை. அடக்கி வைக்க மாத்திரை உண்டு, மற்றவருக்குப் பரவுவதை ஆணுறை குறைக்கும். உண்மையான ஆபத்து பச்சைக் குழந்தைக்கு, அதுவும் பிரசவம் நெருங்கும் மாதங்களில் தாய்க்கு முதன்முதலாகத் தொற்றினால். கருவுற்றிருக்கும்போது புண் வந்தால் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பயம் விடவில்லை என்றால், தூக்கம் கெட்டு, வேலையில் மனம் ஓடவில்லை என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். நோய் குறித்த தீராப் பதற்றமும், பார்த்ததையே பார்க்கத் தூண்டும் எண்ணச் சுழற்சியும் மருத்துவம் அறிந்த நோய்கள். பேச்சுவழிச் சிகிச்சையிலும் மாத்திரையிலும் தணிபவை. பழைய தவறு ஒன்றுக்குத் தண்டனையாக இந்தப் பயத்தைச் சுமக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குற்றவுணர்வை ரத்தப் பரிசோதனையால் தீர்க்க முடியாது. அதையும் அந்த மருத்துவரிடமே பேசலாம்.

போனிலும் பேசலாம். பால்வினை நோய், எச்ஐவி சந்தேகங்களுக்கு 1097. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இரண்டுமே இலவசம், இரண்டிலும் தமிழில் பேசலாம்.