இழுக்கிற நிலா எப்படி இடைவெளியை உண்டாக்குகிறது?

கேள்வி: சனியின் வளையத்தில் டாஃப்னிஸ் என்ற குட்டி நிலா ஓடும் படத்தைப் பார்த்தேன். அதற்கு இருபுறமும் வளையத்தின் விளிம்பு நெளிநெளியாக இருக்கிறது. ஈர்ப்பு விசை இழுக்கத்தானே செய்யும்? அப்படியானால் அங்கே இடைவெளி எப்படி வந்தது?

பதில்: இழுக்கத்தான் செய்கிறது. அந்த இழுப்பின் விளைவுதான் விலகல்.

சனிக்கு அருகில் இருப்பது வேகமாகச் சுற்றும். அதனால் இடைவெளியின் உள்விளிம்பில் உள்ள பனித்துகள்கள் டாஃப்னிஸை முந்திச் செல்கின்றன. ஒரு துகள் நிலாவைக் கடக்கும்போது அதன் பாதை நிலாவின் பக்கமாகச் சற்று வளைகிறது. கடந்த பிறகு முன்னைவிட நெருக்கத்தில் இருப்பதால், பின்னாலிருந்து வரும் இழுப்பு, நெருங்கும்போது இருந்த முன்னிழுப்பைவிடக் கொஞ்சம் கூடுதல். துகள் தன் கோண உந்தத்தில் ஒரு துளியை இழந்து சனியின் பக்கமாக இறங்கிவிடுகிறது. வெளிவிளிம்பில் நடப்பது இதற்கு நேர்மாறு: அங்கே நிலா துகள்களை முந்துகிறது, அவை உந்தம் பெற்று வெளியே போகின்றன. சுமார் 8 கி.மீ. அகலமுள்ள டாஃப்னிஸ் ஏறத்தாழ 40 கி.மீ. அகலக் கீலர் இடைவெளியைக் காத்து நிற்பது இப்படித்தான்.

நெளிவும் இதே சந்திப்பில் பிறப்பதுதான். நிலாவைக் கடந்த துகளின் வட்டப்பாதை கொஞ்சம் நீள்வட்டமாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை உள்ளே, ஒரு முறை வெளியே. அடுத்தடுத்து வரும் துகள்களும் அதையே செய்ய, மொத்தத்தில் அலை தெரிகிறது. உள்விளிம்பில் நிலாவுக்கு முன்னால், வெளிவிளிம்பில் பின்னால். துகள்கள் மோதி மோதி அலை மெல்ல அடங்கும்.

இந்த அலையை வைத்தே ஒரு நிலாவைப் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வாயேஜர் விண்கலம் எடுத்த படங்களில், சனி வளையத்தின் மற்றோர் இடைவெளியான என்கே இடைவெளியின் விளிம்பு நெளிந்திருப்பதைக் கண்ட ஜெஃப்ரி கஸ்ஸியும் ஜெஃப்ரி ஸ்கார்கிலும், உள்ளே ஒரு நிலா இருக்க வேண்டும் என்று 1985-இல் சொன்னார்கள். அலையின் நீளம், நிலாவுக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தைப்போல் ஒன்பது மடங்குக்குச் சற்று அதிகம். அதனால் நிலாவின் பாதையைக் கணக்கிட முடியும். 1990-இல் மார்க் ஷோவால்டர், வாயேஜர் 1981-இலேயே எடுத்து வைத்திருந்த படங்களில் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். அதுதான் பான்.

ஆனால் எல்லா இடைவெளிக்குள்ளும் நிலா இருக்கும் என்று எண்ண வேண்டாம். சனி வளையத்தின் பெரிய இடைவெளியான காசினி பிரிவின் உள்விளிம்பை ஒழுங்குபடுத்துவது வெகுதொலைவில் சுற்றும் மிமாஸ் என்ற நிலா. அது ஒரு சுற்று முடிப்பதற்குள் விளிம்பிலுள்ள துகள் இரண்டு சுற்று முடிக்கிறது. அதனால் இழுப்பு திரும்பத் திரும்ப ஒரே கட்டத்தில் விழுகிறது.