சிம்பன்சிக்கும் சளி பிடிக்கும்

தோட்டப் பள்ளியொன்றில் நான் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "குரங்குக்குச் சளி பிடிக்குமா, ஐயா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அது சிரிக்கத்தக்க கேள்வியன்று என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன். ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் சிம்பன்சி என்னும் வாலில்லாக் குரங்கினம் குறைந்துவருவதற்கான காரணங்களுள் மனிதனின் சளியும் ஒன்றாகும்.

இதனை விளங்கிக்கொள்ள, முதலில் சிம்பன்சியின் பிள்ளைப்பேற்றைப் பற்றி அறிந்துகொள்ளல் வேண்டும். கொல்லையில் ஆடு வளர்ப்போர், ஓர் ஆடு ஆண்டுதோறும் குட்டி ஈனுவதையும், ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகள் போடுவதையும் கண்டிருப்பர். சிம்பன்சி அவ்வாறன்று. காட்டில் வாழும் பெண் சிம்பன்சி 13 அல்லது 14 வயதளவில்தான் முதற்குட்டியை ஈனுகிறது. கரு ஏறத்தாழ 8 மாதம் வயிற்றில் வளரும். பிறப்பது பெரும்பாலும் ஒன்றே. இரட்டைக் குட்டிகள் மிக அரிது.

பிறந்த குட்டி தாயின் வயிற்று மயிரைப் பற்றிக்கொண்டு தொங்கும். சில மாதங்கள் சென்றபின் தாயின் முதுகில் ஏறி அமர்ந்து செல்லும். நான்கைந்து வயதுவரை தாய்ப்பால் அருந்தும். இரவில், மரக்கிளைகளை வளைத்துத் தாய் அமைக்கும் இலைப்படுக்கையில் தாயுடனேயே உறங்கும். எந்தப் பழம் எப்போது கனியும், கறையான் புற்றுக்குள் குச்சியை நுழைத்துக் கறையானை எவ்வாறு எடுப்பது என்பனவற்றையெல்லாம் தாயின் அருகிலிருந்து பார்த்தே கற்றுக்கொள்ளும். அது தாய்ப்பாலை மறக்கும் காலத்தில்தான் தாய் மீண்டும் கருவுறும். ஆகவே ஒரு பேற்றுக்கும் அடுத்த பேற்றுக்கும் இடையே 5 அல்லது 6 ஆண்டுகள் கழிகின்றன. ஒரு தாய் தன் வாழ்நாளில் நான்கைந்து பிள்ளைகளை ஆளாக்கிவிட்டால் அதுவே பெரிது.

தாய்க்கும் குட்டிக்கும் உள்ள பிணைப்பை உலகறியச் செய்தவர், 1960ஆம் ஆண்டில் தங்கனீக்காவின் கோம்பே காட்டுக்குச் சென்று ஆராய்ச்சியைத் தொடங்கிய ஜேன் குடால் அம்மையார் (2025இல் தம் 91ஆம் வயதில் மறைந்தார்). அவர் ஃபுளோ என்று பெயரிட்டிருந்த முதிய தாய் 1972இல் இறந்தது. அதன் கடைசி மகன் ஃபிலிண்டுக்கு அப்போது எட்டு வயது கடந்திருந்தது. தானே இரை தேடக்கூடிய வயதுதான். ஆயினும் அது உண்ணாமல் சோர்ந்து, சில வாரங்களுக்குள் தானும் மடிந்தது.

அதே கோம்பேயில் 1966ஆம் ஆண்டில் சில சிம்பன்சிகளுக்குக் கைகால்கள் செயலற்றுப் போயின. நம் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்துத் தடுக்கிறோமே, அந்த இளம்பிள்ளை வாதமே அது. அண்மையிலிருந்த மக்களிடமிருந்து அது பரவியிருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. ஆராய்ச்சிக் குழுவினர் வாழைப்பழத்தில் தடுப்பு மருந்தை வைத்துச் சிம்பன்சிகளுக்கு ஊட்டினார்கள்.

இதனினும் கொடிய நிகழ்ச்சி உகாண்டா நாட்டின் கிபாலே காட்டில் 2016ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கியது. அங்கு 200க்குச் சற்று மேற்பட்ட சிம்பன்சிகள் கொண்ட ஒரு பெருங்கூட்டத்தில் இருமலும் மூச்சுத்திணறலும் பரவின. சில வாரங்களில் 25 சிம்பன்சிகள் மாண்டன. மனிதருக்குச் சளியும் இருமலும் உண்டாக்கும் வைரஸ் ஒன்றே அதற்குக் காரணம் என்பது ஆய்வில் தெரிந்தது. நமக்கு நான்கு நாள் மூக்கொழுகல். அவற்றுக்கு அது மரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துத் தாய்கள், ஐந்தாண்டுக்கு ஒரு குட்டி வீதம் ஈனுகின்றன என்று கொண்டால், 25 குட்டிகள் பிறக்கப் பன்னிரண்டரை ஆண்டுகள் செல்லும். அதுவும் பிறந்தவை யாவும் பிழைத்தால்தான்! இக்காரணம் பற்றியே, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில், காட்டுக்குச் செல்வோர் முகக்கவசம் அணியவும், குறைந்தது 7 மீட்டர் விலகி நிற்கவும், நோயுற்றோர் செல்லாதிருக்கவும் வேண்டும் என்று கூறப்பட்டது. காடழிப்பும் வேட்டையும் ஏற்கெனவே இவ்வினத்தைச் சிறுகச் சிறுகத் தின்றுவருகின்றன. குட்டியைப் பிடித்து விற்பவன் முதலில் தாயைக் கொல்கிறான் என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும்.

நோய் செல்லும் இந்தப் பாதை ஒருவழிப் பாதையன்று. சிம்பன்சியின் உடலில் வாழ்ந்த ஒரு வைரஸ், ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர், கேமரூன் நாட்டின் தென்கிழக்குப் பகுதியில் மனிதனுக்குத் தாவியது. வேட்டையாடிய இறைச்சியை அறுக்கும்போது, கையிலிருந்த காயத்தின் வழியே இரத்தம் கலந்து அது புகுந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. பல்லாண்டுகள் அது எவருக்கும் தெரியாமலே பரவியது. 1981ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் புதிய நோயொன்றைக் கண்டு திகைத்தார்களே, அந்த எய்ட்ஸ் நோயின் வேர் இதுவே. உணவுக்காகவும் பிழைப்புக்காகவும் வேட்டையாடியவனை மட்டும் குறைசொல்வது முறையன்று என்பது என் எண்ணம். நோய் காட்டை விட்டு வெளியேற ஆறும் சாலையும் நகரமும் வேண்டியிருந்தன. அவற்றை அமைத்தவன் அவன் அல்லன்.

நம் நாட்டுக் காடுகளில் சிம்பன்சி இல்லை. ஆனால் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்திலும் லயத்துக் குப்பைத்தொட்டியிலும் நாள்தோறும் காணும் நீண்டவால் குரங்கையும், தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக் குரங்கையும் நாம் நன்கறிவோம். இவ்விரண்டின் இரத்தத்திலும் ஒருவகை மலேரியாக் கிருமி வாழ்கின்றது. காட்டுக் கொசு அதனைக் குரங்கிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுவருகின்றது. 1965ஆம் ஆண்டில் பகாங் காட்டில் பணியாற்றிய அமெரிக்கர் ஒருவரிடம் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அரிதான செய்தி என்று உலகம் அதனை மறந்திருந்தது. பின்னர்ச் சரவாக்கின் காப்பிட் பகுதியில் டாக்டர் பல்பீர் சிங்கும் அவர்தம் குழுவினரும் 208 மலேரியா நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களுள் 120 பேருக்குக் குரங்கு மலேரியா இருந்ததை 2004இல் வெளியிட்டனர். 2018 தொடங்கிப் பல ஆண்டுகள், மனிதருக்குள் மட்டும் பரவும் மலேரியா உள்நாட்டில் எவருக்கும் தோன்றவில்லை. அதே ஆண்டுகளில் குரங்கு மலேரியாவால் ஆயிரக்கணக்கானோர் துன்புற்றனர்.

இக்கிருமி 24 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகக்கூடியது. ஆதலால் நோய் விரைவில் முற்றிவிடும். காய்ச்சலும் நடுக்கமும் கண்டவர், "நாளை பார்த்துக்கொள்வோம்" என்று மாத்திரை விழுங்கிவிட்டுப் படுத்திருக்கலாகாது. அன்றே மருந்தகம் செல்லவேண்டும். காட்டோரத்தில் குலை வெட்டியதையோ, ஆற்றங்கரையில் இரவு தங்கியதையோ, மருத்துவர் கேட்காவிடினும் தாமே கூறவேண்டும். உருப்பெருக்கியில் பார்க்கும்போது இக்கிருமி அவ்வளவு கொடிதல்லாத மற்றொரு மலேரியாக் கிருமியைப் போலவே தோன்றும். நோயாளி எங்கே சென்றுவந்தார் என்பது தெரிந்தால்தான் மருத்துவர் ஐயங்கொண்டு மேற்பரிசோதனைக்கு அனுப்புவார்.