சதவீதத்துக்கு அஞ்சாத அம்மை

நம்பிக்கை: தடுப்பூசி கையில் இருந்தால் போதும். எவ்வளவு பேருக்குப் போட முடியுமோ அவ்வளவு பேருக்கும் போட்டுவிட்டால் கொள்ளைநோய் தானாக அடங்கிவிடும். பெரியம்மையை அப்படித்தானே ஒழித்தோம்?

உண்மை: அப்படி ஒழிக்கவில்லை. அப்படி ஒழிக்கத்தான் முதலில் பார்த்தோம், முடியவில்லை.

எட்வர்ட் ஜென்னர் பெரியம்மைத் தடுப்பூசியைக் கண்டது 1796இல். சில ஆண்டுகளிலேயே அது இந்தியாவுக்கும் வந்துவிட்டது. ‘அம்மை குத்துவது’ என்பது நம் பாட்டிமார் வாயில் சாதாரணமாகப் புழங்கிய பேச்சு. 1899இல் தொடங்கப்பட்ட கிண்டி கிங் நிலையம் அந்த மருந்தைத் தயாரித்தது. மேல்கையில் காசளவு தழும்பைச் சுமக்கும் முதியவர்களை இன்றும் பார்க்கலாம். ஆக, மருந்துக்குக் குறைவில்லை, குத்துகிறவர்களுக்கும் குறைவில்லை. 1962இல் இந்திய அரசு தேசிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் நாடு முழுக்க எல்லோருக்கும் குத்திவிடுவதென்று இறங்கியது. 1967இல் பதிவான நோயாளிகள் 84,000க்கும் மேல். 1974இல் அந்த எண்ணிக்கை 1,88,000ஆக ஏறியது. இறந்தவர்கள் 31,000க்கும் மேல். ஊசி பிறந்து 178 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோளாறு எங்கே என்று பார்த்தால், பதிவேட்டில்தான் இருந்தது. அம்மை குத்துபவருக்கு மேலதிகாரி கொடுத்தது ஓர் எண்ணிக்கை. இத்தனை பேருக்குக் குத்தினால் வேலை முடிந்தது. எண்ணிக்கையை நிரப்ப எளிய வழி பள்ளிக்கூடம். வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு, போன வருடம் குத்திய கையிலேயே இந்த வருடமும் குத்தலாம். விடுபட்டவர்கள் யார்? பிறந்து சில மாதமே ஆன குழந்தைகள், வேலை தேடி ஊர் ஊராகப் போகும் குடும்பங்கள், நடைபாதையில் படுப்பவர்கள். ஒரு கோடிப் பேர் உள்ள வட்டாரத்தில் 80 சதவீதம் எட்டிவிட்டோம் என்பது காதுக்கு இனிமையான செய்திதான். ஆனால் மீதி 20 லட்சம் பேர் சோற்றில் கலந்த உப்புபோலச் சமமாகப் பரவியிருப்பதில்லை. அவர்கள் ஒரே சேரியில், ஒரே செங்கல் சூளையில், ஒரே ரயில் பெட்டியில் சேர்ந்தே இருக்கிறார்கள். கிருமிக்கு அது போதும்.

வேறு வழி ஒன்று இருப்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மை கிளம்பியபோது, அங்கே இருந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியிடம் எல்லோருக்கும் குத்தும் அளவுக்கு மருந்து இல்லை. அவர் மிஷனரிகளின் வானொலிக் கருவிகளைப் பயன்படுத்தி, எந்தெந்த ஊரில் நோய் இருக்கிறது என்று ஆள் அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். இருக்கிற கொஞ்ச மருந்தை நோயாளியைச் சுற்றி இருப்பவர்களுக்கும், நோய் அடுத்துப் போகக்கூடிய ஊர்களுக்கும் மட்டும் செலவிட்டார். பாதி மக்களுக்குக்கூட ஊசி எட்டாத நிலையிலேயே அந்த வட்டாரத்தில் நோய் நின்றது. தட்டுப்பாடு கற்றுக்கொடுத்த பாடம் இது. மருந்து தாராளமாக இருந்திருந்தால் இந்த யோசனை யாருக்கும் வந்திருக்காதோ என்னவோ.

இந்தியாவில் இதே முறை 1973 அக்டோபரில் பெரிய அளவில் தொடங்கியது. ஊழியர்கள் ஊர் ஊராகப் போனார்கள். கையில் ஓர் அட்டை. அதில் உடம்பெல்லாம் கொப்புளம் போட்ட ஒரு குழந்தையின் படம். சந்தையிலும் பள்ளியிலும் டீக்கடையிலும் அதைக் காட்டி, “இப்படி யாருக்காவது போட்டிருக்கிறதா?” என்று கேட்டார்கள். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் நடந்த முதல் தேடலிலேயே, அதுவரை எந்தக் கணக்கிலும் வராத நோயாளிகள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் அகப்பட்டார்கள். நோயாளி கிடைத்த வீட்டு வாசலில் இரவு பகலாகக் காவல் போட்டார்கள். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஊசி. வீட்டார் பிழைப்புத் தேடி வெளியே போகாமல் இருக்க, சாப்பாட்டுக்கு வழி செய்துகொடுத்தார்கள். ஊசியும் எளிமையானது: முனை இரண்டாகப் பிளந்தது, மருந்தில் தோய்த்தால் ஒரு சொட்டு நடுவில் தொற்றி நிற்கும், தோலில் பதினைந்து குத்து, அவ்வளவுதான். நோயாளியோடு பழகிய மூன்று நான்கு நாளுக்குள் குத்திவிட்டால் நோய் வராமலே போகலாம், வந்தாலும் தணிந்து வரும். நோயாளியைச் சுற்றி இப்படி ஊசியால் போட்ட வளையம் வேலை செய்ததற்கு அந்தச் சில நாள் அவகாசம் ஒரு காரணம்.

1974இல் எண்ணிக்கை எகிறியதும் பீகாரில் பழையபடி எல்லோருக்கும் குத்தும் முறைக்கே திரும்பிவிடலாம் என்று மேலிடத்தில் முடிவெடுக்கப் பார்த்தார்கள். அதற்கான கூட்டத்தில் இளம் மருத்துவர் ஒருவர் எழுந்து, எங்கள் ஊரில் வீடு தீப்பிடித்தால் எரிகிற வீட்டில்தான் தண்ணீர் ஊற்றுவோம், எல்லா வீட்டுக் கூரையிலுமா ஊற்றுவோம் என்று கேட்டதாக ஃபேகி பதிவு செய்திருக்கிறார். முறை மாறவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது.

அப்படியானால் எல்லோருக்கும் ஊசி போட்டதெல்லாம் வீணா என்று கேட்பார்கள். வீணில்லை. பலருக்கு ஏற்கெனவே தழும்பு இருந்ததால்தான் நோய் மெதுவாக நகர்ந்தது, தேடிப் போனவர்களால் அதை எட்டிப் பிடிக்க முடிந்தது. வடக்கு தத்தளித்தபோது தமிழ்நாடும் கேரளமும் முன்னதாகவே கரையேறியதில் ஒழுங்கான வழக்கமான ஊசிக்கும் பங்கு உண்டு. தட்டம்மை போன்ற நோய்க்கு வளையம் எடுபடாது. அது பரவும் வேகத்துக்கு ஏறத்தாழ 95 சதவீதம் பேர் காப்புப் பெற்றிருந்தால்தான் கட்டுக்குள் நிற்கும். ஆனால் சதவீதம் என்ற ஒற்றை எண் ஊசி யாருக்குப் போகவில்லை என்பதைச் சொல்லாது. என் குறை அவ்வளவே.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. அந்த வளையங்கள் எல்லா இடத்திலும் அன்பாகப் போடப்படவில்லை. கடைசிக் கட்டத்தில் இரவில் வீடு புகுந்து, மறுத்தவர்களை அமுக்கிப் பிடித்துக் குத்திய சம்பவங்களை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நோய் ஒழிந்தது என்பதற்காக அதை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. நடைமுறையில் பார்த்தாலும் அது நஷ்டம்தான்: அடித்துக் குத்திய ஊரில் அடுத்த முறை நோயாளியை ஒளித்து வைப்பார்கள். காங்கோவின் கிழக்கில் 2018 ஆகஸ்டில் எபோலா பரவல் அறிவிக்கப்பட்டபோது நல்ல தடுப்பூசி இருந்தது, வளைய முறையும் தெரிந்திருந்தது, மூன்று லட்சம் பேருக்கும் மேல் போட்டார்கள். இருந்தும் அது 2020 ஜூன் வரை நீடித்து 2,287 பேரைக் கொண்டுபோனது. ஆயுதக் குழுக்களின் தாக்குதலும் மக்களின் அவநம்பிக்கையும் சேர்ந்து, நோயாளியோடு பழகியவர் யார் என்ற பட்டியலையே ஓட்டையாக்கிவிட்டன.

கொரோனா பெரியம்மை இல்லையே என்பதும் சரியான கேள்வி. பெரியம்மை முகத்தில் எழுதியிருக்கும். கொரோனாவோ அறிகுறி தெரிவதற்கு முன்பே அடுத்தவருக்குத் தொற்றிவிடும். வீட்டு வாசலில் காவல் போட்டு அதைப் பிடிக்க முடியாது. ஊசி போட்டவருக்கும் அது வரும் என்பதால் முற்றாக ஒழிப்பதும் நடவாது. ஆனால் ‘யாருக்குப் போகவில்லை’ என்ற கேள்வி அங்கும் உயிர் குடித்தது. 2022 தொடக்கத்தில் ஹாங்காங்கில் தடுப்பூசிக்குத் தட்டுப்பாடே இல்லை, மொத்தச் சதவீதமும் மோசமில்லை. ஆனால் 80 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்குக்கூட இரண்டு டோஸ் போயிருக்கவில்லை. ஒமிக்ரான் நுழைந்ததும் சில மாதங்களில் ஏறத்தாழ 74 லட்சம் மக்களில் 9,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், அவர்களிலும் ஊசி போடாதவர்களே அதிகம். அதே காலத்தில் அதே ஒமிக்ரானைச் சந்தித்த நியூசிலாந்தில், முதியவர்களுக்கு முன்கூட்டியே போட்டுவிட்டதால் சாவு அந்த அளவுக்குப் போகவில்லை.

இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருக்கிறது: நோய் குறைந்துவிட்டால் வேலையும் குறைந்துவிடும் என்பது. இந்தியாவில் நோயாளியைப் பற்றித் தகவல் சொல்பவருக்குப் பரிசு அறிவித்திருந்தார்கள். நோய் மலிந்திருந்த காலத்தில் அது 50 ரூபாய். குறைந்ததும் 100 ஆனது. 1975இல் ஒரு நோயாளிகூடக் கண்ணில் படாத நிலையில் 1,000 ஆனது. அந்தக் காலத்து ஆயிரம் ரூபாய். பரிசுக்காக ஊரெங்கும் ஆட்கள் தகவல் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஊழியர்கள் நேரில் போய்க் கொப்புளங்களைப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகள் பார்த்தார்கள். பார்த்ததெல்லாம் சின்னம்மை, சொறி, சிரங்கு.