விருந்தும் கேள்வியும்

நுழையும்முன்

வீடு தேடி வருவோரை உணவளித்துப் போற்றுதல் தமிழர் மரபு. கல்விக்கூடம் தேடி வரும் அறிஞரைப் போற்றுவது எவ்வாறு? கொல்கத்தாவில் வாழ்ந்த தமிழர் ஒருவரின் செயல் இவ்வினாவுக்கு விடை தருகிறது.

பாடம்

திருக்குறளில் விருந்தோம்பல் என்றோர் அதிகாரம் உண்டு. கேள்வி என்றும் ஓர் அதிகாரம் உண்டு. இங்குக் கேள்வி என்பது வினா அன்று. அறிவுடையோர் கூறுவதைக் கேட்டு அறிதலாகும். விருந்தினர் அறிஞராயின் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இன்றைய கொல்கத்தா அன்று கல்கத்தா எனப்பட்டது. அந்நகரின் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இயங்கி வந்தது. அதனை 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் நிறுவினார். தமிழகத்திலிருந்து அரசுப் பணிக்காக 1907இல் கல்கத்தா வந்த சி. வி. இராமன், அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் அங்கு ஆய்வு செய்தார். 1917இல் அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார்.

அவரிடம் ஆய்வு செய்ய வந்த இளைஞர்களுள் ஒருவர் கே. எஸ். கிருஷ்ணன். அவர் 1898இல் வத்திராயிருப்பு என்னும் ஊரில் பிறந்தவர். மதுரையிலும் சென்னையிலும் பயின்றவர். அறிவியல் வேட்கையே அவரை வங்கத்திற்கு அழைத்து வந்தது.

1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. ஒரே நிறமுடைய ஒளியை ஒரு நீர்மத்தினூடே செலுத்தினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிப்படும் என்பதே அக்கண்டுபிடிப்பு. அவ்வாய்வில் கிருஷ்ணன் இராமனுக்குத் துணைநின்றார். ஆயினும், ஐரோப்பிய அறிஞர் சிலர் அம்முடிவை உடனே ஏற்கவில்லை, ஐயுற்றனர்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனி நாட்டின் மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு கல்கத்தாவுக்கு விருந்தினராக வந்தார். அறுபது வயதை நெருங்கியிருந்த அவர், உலகப் புகழ் பெற்ற இயற்பியல் ஆசிரியர். ஹைசன்பர்க், பவுலி ஆகியோர் அவருடைய மாணவர்கள். அவர் இராமனின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று புதிய விளைவைக் கண்டார். ஐயத்தைப் போக்கச் சொற்களைவிடச் சோதனையே சிறந்த சான்றாகும்.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சோமர்ஃபெல்டு அலை இயக்கவியல் பற்றித் தொடர் உரைகள் ஆற்றினார். அத்துறை பிறந்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் அடிப்படைச் சமன்பாட்டை ஷ்ரோடிங்கர் 1926இல்தான் வெளியிட்டிருந்தார். பேசியவரின் தாய்மொழி ஜெர்மன். நகரின் மொழி வங்கம். உரைகள் நிகழ்ந்ததோ ஆங்கிலத்தில். அவற்றைக் கேட்டுக் குறிப்பெடுத்துத் தொகுத்தவர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கிருஷ்ணன்.

அப்பணி எளிதன்று. உரைகளை ஒலிப்பதிவு செய்து மீண்டும் கேட்கும் வசதி அன்றைய வகுப்பறைகளில் இல்லை. சமன்பாட்டில் ஒரு குறியீடு தவறினும் பொருள் மாறிவிடும். பொருளை உணர்ந்தவரே பிழையின்றி எழுத இயலும். அவ்வுரைகள் 1929இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக நூல்வடிவம் பெற்றன. நூலாசிரியராக விளங்குபவர் சோமர்ஃபெல்டே. தொகுத்தவரின் உழைப்போ அந்நூலின் பக்கங்களுக்குள் உறைந்திருக்கிறது.

விருந்தினருக்கு அளித்த உணவு அன்றே செரித்துவிடும். தங்கிய அறையில் மறுநாள் வேறொருவர் தங்குவார். அவர் கூறியதைக் கருத்தூன்றிக் கேட்டு, பிழையின்றி எழுதி, அங்கு வந்து கேட்க இயலாத மாணவருக்கும் கிடைக்கச் செய்தது நிலைத்த விருந்தோம்பலாயிற்று. கல்கத்தாவினர் தம் விருந்தினரிடமிருந்து புதிய துறையைக் கற்றனர்; தம் கண்டுபிடிப்பை அவருக்குக் காட்டினர். இருதரப்பினரும் பெற்றனர், இருதரப்பினரும் கொடுத்தனர்.

சோமர்ஃபெல்டு நாடு திரும்பியபின் தம் இந்தியப் பயணம் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். அடுத்த ஆண்டே அவருடைய மாணவர் ஹைசன்பர்க்கும் கல்கத்தாவுக்கு வந்தார். 1930இல் இராமன் நோபல் பரிசு பெற்றார். கிருஷ்ணன் 1947இல் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழ்ந்தபோதும் அவர் தாய்மொழியை மறவாது தமிழிலும் கட்டுரைகள் எழுதினார்.

சொற்பொருள்

கேள்வி – கேட்டறிதல்
வேட்கை – மிகுந்த விருப்பம்
நீர்மம் – திரவம்
ஐயம் – சந்தேகம்
கருத்தூன்றி – மனத்தை ஒருமுகப்படுத்தி

மதிப்பீடு

1. ‘கேள்வி’ என்னும் சொல் இப்பாடத்தில் எப்பொருளில் வந்துள்ளது?
2. இராமன் விளைவு என்பது யாது?
3. சோமர்ஃபெல்டின் உரைகளைத் தொகுப்பது எளிதன்று எனக் கூறுவது ஏன்?
4. ‘இருதரப்பினரும் பெற்றனர்; இருதரப்பினரும் கொடுத்தனர்’ – விளக்குக.

செயல்பாடு

உங்கள் பள்ளிக்கு வரும் விருந்தினர் ஒருவரின் உரையைக் கேட்டு, அதன் கருத்தைத் தமிழில் பத்து வரிகளில் எழுதுக. எழுதியதை உடன் கேட்ட நண்பரிடம் காட்டி, விடுபட்டவற்றைச் சேர்த்துத் திருத்துக.