சராசரி விளைச்சலும் சமவாய்ப்பும்

பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு அலுவலர் வந்ததும், பயிர் காய்ந்த மூலையைக் காட்டி ‘இங்கே அறுங்கள்’ என்பாரைப் பலமுறை கண்டுள்ளோம். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் இழப்பீடு, இவ்வாறு காணும் ஊர்ச் சராசரியைப் பெரிதும் சார்ந்திருப்பதால், அக்கவலை இயல்பே.

நெல்லுக்கு அறுக்கும் சதுரம் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். ஏக்கரில் ஏறத்தாழ 162-இல் ஒரு பங்கு. அதில் ஒரு கிலோ பிசகினால் ஏக்கர்க் கணக்கில் 162 கிலோ பிசகும். ஆதலின், இடத்தைக் கண் தேர்தல் ஆகாது. சமவாய்ப்பு எண்ணே தேர வேண்டும். வரப்போரத்திலேயே வேலையை முடிக்க விரும்பும் அலுவலருக்கும் இது பொருந்தும். எண் செழித்த இடத்தில் விழுந்தால் என் செய்வது என்பீர். விழலாம், மற்றொரு வயலில் நலிந்த இடத்திலும் விழும். பல வயல்களின் எடையைக் கூட்டி வகுத்தால் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் ஈடாகும். தேடிக் காட்டிய மூலையின் பிழையோ ஒருபுறமே சாயும். எத்தனை வயல் சேர்த்தாலும் ஈடாகாது. கயிறு பிடிக்கும் நாளில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் உடனிருந்து, எண்ணையும் எடையையும் கேட்டுக் குறித்துக்கொள்க.