டெண்டரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

டெண்டர் ஆவணம் கைக்கு வந்தால் நான் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டுவேன். பணம் எத்தனை நாளில் வரும், தாமதத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள், சொன்ன விலை எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் பதுங்கியிருக்கும். அம்பத்தூரில் இரும்பு அலமாரியும் ரேக்கும் செய்யும் சின்னப் பட்டறை எங்களுடையது. தகட்டைக் கைக்காசு கொடுத்து வாங்கும் எங்களுக்கு லாப நஷ்டம் தீர்மானமாவது அந்தப் பக்கங்களில்தான்.

அரசு ஆர்டர் என்றதும் பலரும் டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையான ஈ.எம்.டி.க்கு உள்ள விலக்கைத்தான் பேசுவார்கள். மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கைப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு டெண்டர் படிவம் இலவசம், ஈ.எம்.டி.யும் கட்ட வேண்டாம். ஆனால் ஆர்டர் கிடைத்த பிறகு கேட்கும் செயல்பாட்டுப் பிணைக்கு அந்த விலக்கு கிடையாது. வங்கி உத்தரவாதத்துக்காக முடங்கும் பணத்தை விலை போடும்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று, வாங்கி விற்பவர்களுக்கு இந்தச் சலுகைகள் எதுவும் இல்லை. சிறு நிறுவனப் பதிவான உங்கள் உத்யம் சான்றிதழில் 'உற்பத்தி' என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நிஜமாகவே கைகொடுத்தது அதே கொள்கையில் உள்ள 15 சதவீத விதி. பெரிய நிறுவனம் ஒன்று 100 ரூபாய் சொல்லி எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவர், ஆகிறது, நாம் 112 சொல்லியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 115-க்குள் இருப்பதால், அதே 100 ரூபாய்க்கு இறங்கச் சம்மதித்தால் மொத்தக் கொள்முதலில் குறைந்தது கால் பங்கு சிறு நிறுவனங்களுக்கு வரும். அந்த வரம்புக்குள் பலர் இருந்தால் பங்கு பிரியும். 'சம்மதமா?' என்று கடிதம் வந்த பிறகு கணக்குப் போட உட்காராதீர்கள். எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பெண்கள் நடத்துபவற்றுக்கு 3 சதவீதம். சான்றிதழில் உரிமையாளர் என்று என் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் சோதனைக்கு வருபவர்கள் "சார் இல்லையாம்மா?" என்றுதான் கேட்கிறார்கள். மனைவி பேரில் பதிவு செய்துவிட்டுக் கணவர் நடத்தும் பட்டறைகள் இருப்பதால் அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை.

பணம் விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, தேதி மட்டும் கையில் இருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி சரக்கை ஏற்ற நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். இறக்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் இறக்கிய நாளே ஏற்ற நாள். அதனால் செலானில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் எங்கள் வண்டி திரும்பாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம், அரசின் இணையதளத்தில் புகாரும் செய்யலாம். அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயத்தில் பலர் செய்வதில்லை. நானும் நினைவூட்டல் கடிதத்தில் சட்டப் பிரிவைக் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்வேன். பெரும்பாலும் அதற்கே ஃபைல் நகரும்.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது: முந்தைய விற்றுமுதலும் அனுபவமும். அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மின் பிட் ஆவணங்களில் இவற்றில் சிறு நிறுவனங்களுக்குத் தளர்வு உண்டா என்று ஒரு வரி இருக்கும். ஆம், இல்லை என்று முடிவு செய்வது வாங்கும் அலுவலகம். 'இல்லை' என்றிருந்தால் அடுத்த டெண்டருக்குப் போவேன். பெரிய டெண்டர் என்றால் பிட்டுக்கு முந்தைய கூட்டத்துக்குக் கேள்விகளை எழுதிக்கொண்டு போவேன். அப்படி ஒருமுறை, பல மாவட்டங்களுக்குச் சேர்த்துக் கேட்ட அலமாரிகளை மாவட்டவாரியாகப் பிரிக்கச் சொன்னேன். திருத்த அறிவிப்பு வந்தது, விற்றுமுதல் நிபந்தனையும் அந்த அளவுக்கு இறங்கியது. எங்கள் பேட்டையிலிருந்தே பலர் விலை போட்டார்கள். நான் குறிவைத்திருந்த மாவட்டம் பக்கத்துத் தெருப் பட்டறைக்குப் போனது. எனக்கு வேறொன்று கிடைத்தது.