பழைய கணிப்பொறிக்கு நினைவகம் கூட்டும் முறை

விழுப்புரம் மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களிலும் சேர்ந்து 688 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. கணிப்பொறியின் துணையின்றி இன்று இவற்றுள் எந்த ஊராட்சியும் தன் கணக்கை முடித்துவிட இயலாது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஆண்டுத் திட்டமும் வரவு செலவும் ஏற்றப்பட வேண்டும். வரி ரசீதும் திரையின் வழியே பிறக்கிறது. ஆனால், வேலை வளர்ந்த வேகத்திற்கு யந்திரம் வளரவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் 2 ஜி.பி. நினைவகத்துடன் வாங்கப்பட்ட மேசைக் கணிப்பொறியே பல அலுவலகங்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுத் தேநீர் அருந்தச் சென்று திரும்பினாலும் அது விழித்திருப்பதில்லை.

திண்டிவனம் பக்கத்தில் நாம் சென்றிருந்த ஓர் ஊராட்சி அலுவலகத்தில் இதே நிலையைக் கண்டோம். கணிப்பொறி நகர மறுக்கவே, செயலாளர் ஒவ்வொரு முறையும் பேருந்து ஏறி நகரத்துக் கடை ஒன்றுக்குச் சென்று பட்டியல்களை ஏற்றி வந்தார். நாளடைவில் அலைச்சலுக்கு அஞ்சி, கடவுச்சொல்லையும் டிஜிட்டல் கையொப்பச் சாவியையும் கடையிலேயே ஒப்படைத்துவிட்டார். ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் விதித்திருப்பது எதற்காக? ஒருவர் தவறினால் மற்றவர் காப்பார் என்பதற்காகவன்றோ! கையொப்பம் இன்று சாவியின் உருவில் வந்துவிட்டது. அந்தச் சாவி அயலார் ஒருவரின் மேசை இழுப்பறையில் கிடந்தது. உறுப்பினர்களோ, புதிய கணிப்பொறி வாங்கத் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தனர். பெட்டியைத் திறந்து பார்த்ததில், நினைவகம் செருகும் இடம் ஒன்று வாங்கிய நாள் முதல் காலியாகவே இருந்தது தெரிந்தது.

நம் மாவட்ட எல்லையை ஒட்டிய வில்லியனூரை நடுவமாகக் கொண்டு 1998ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களை அமைத்தபோது, செய்தி ஊருக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கமாயிருந்தது. வீராம்பட்டினத்து மீனவர்கள் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் கேட்டறிந்து படகை இறக்கினர். அதற்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், ஒரு பட்டியலுக்காக ஊராட்சி நகரத்துக் கடையை நாடுவது வருந்தத்தக்கதே. ஆகவே, நினைவகம் கூட்டும் முறையை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும், வீட்டில் பழைய கணிப்பொறி வைத்திருக்கும் உழவர்களுக்கும் இது பொருந்தும்.

களமும் குதிரும்

கணிப்பொறிக்குள் பொருள் தங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று வன்தட்டு, மற்றது நினைவகம். வன்தட்டு என்பது குதிர். ஆண்டுக்கணக்கில் அதில் பண்டம் கிடக்கும். நினைவகம் என்பது களம். வேலை நடக்கும் வேளையில் மட்டும் பண்டம் அங்கே பரப்பப்படும். டி.எம்.வி. என்று தன் பெயரையே நிலக்கடலை ரகங்களுக்குத் தந்த திண்டிவனத்து உழவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பறித்த கடலை நாற்பது மூட்டையிருக்க, களமோ பத்து மூட்டை உலர்த்தும் அளவே உடையதாயின் என்ன செய்வோம்? பத்தைப் பரப்புவோம், அள்ளுவோம், உள்ளே சுமப்போம், மீண்டும் பத்தைக் கொணர்வோம். ஆட்கள் எத்தனை வலியவராயினும் பொழுது சுமையிலேயே கழியும்.

கணிப்பொறியும் அவ்வாறே செய்கிறது. நினைவகம் நிரம்பியதும், சற்றுமுன் பார்த்த பக்கத்தை வன்தட்டிற்குத் தள்ளிவிட்டுப் புதியதைக் கொணர்கிறது. சுழலும் வன்தட்டு ஒரு செய்தியைத் தேடி எடுக்க ஆகும் நேரம், நினைவகத்திற்கு ஆகும் நேரத்தைப்போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. பெட்டியின் முன்புறச் சிறுவிளக்கு ஓயாமல் மினுக்கிக்கொண்டிருக்க, திரை அசையாமல் நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. மின்சாரம் நின்றால் களம் துடைக்கப்பட்டுவிடும் என்பதையும் மறத்தலாகாது. சேமிக்காத கணக்கு திரும்பி வாராது.

குறை எங்கே என்று காணல்

எல்லா மந்தத்திற்கும் நினைவகமே காரணம் என்று கொள்வது தவறு. விண்டோஸ் 10 உள்ள கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அமுக்கினால் டாஸ்க் மானேஜர் என்னும் பலகணி திறக்கும். அதில் பர்பார்மன்ஸ் என்ற பகுதியில் மெமரி என்பதைத் தெரிவு செய்க. அலுவலகத்தில் நாள்தோறும் திறக்கும் தளங்களையும் கணக்கு ஏடுகளையும் எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு இதனைப் பார்க்க வேண்டும். வெறும் திரையை வைத்துக்கொண்டு பார்ப்பதில் பயனில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிரம்பியிருந்தால் களம் சிறிது என்று துணியலாம். பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆயினும் யந்திரம் மந்தம் என்றால், வன்தட்டு தேய்ந்திருக்கலாம்; அல்லது இணைய இணைப்பே மெலிந்திருக்கலாம். அப்போது நினைவகத்தில் இடும் பணம் வீண். சுழலும் வன்தட்டை மாற்றி எஸ்.எஸ்.டி. பொருத்துவதே அங்கு ஏற்றது என்பது நம் அபிப்பிராயம்.

அதே பலகணியில், செருகுவாய்கள் எத்தனை, அவற்றுள் நிரம்பியவை எத்தனை என்பதும் எழுதப்பட்டிருக்கும். கடைக்காரர் இதனை ஸ்லாட் என்பர். நினைவகத்தையும் கடையில் ராம் என்றே கேட்க வேண்டும். நற்றமிழில் கேட்டால் விழிப்பாரும் உளர்.

இனி, வகை. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்பன ஒன்றுக்கொன்று மாற்றாகா. முன்னிரண்டிற்கும் 240 முனைகள், டி.டி.ஆர். 4க்கு 288. முனைகளின் எண்ணிக்கை ஒன்றாயினும், அடிப்புறத்து வெட்டு இருக்கும் இடம் வேறாதலின் டி.டி.ஆர். 2 பலகை டி.டி.ஆர். 3 வாயில் இறங்காது. மின்னழுத்தமும் வேறு: முறையே 1.8, 1.5, 1.2 வோல்ட். பலத்தால் இறக்க முயன்றால் தாய்ப்பலகையே உடையும். மேசைக் கணிப்பொறிக்கு நீளமான பலகையும், மடிக்கணினிக்குக் குட்டையான பலகையும் உரியவை. திரையும் பெட்டியும் ஒன்றாயிருக்கும் கணிப்பொறிகள் பலவற்றில் குட்டையானதே பொருந்தும். வாங்கச் செல்வோர் பழைய பலகையைக் கழற்றிக் கையோடு கொண்டுசெல்வது எல்லாவற்றினும் எளிய வழி. விதையை மாதிரி காட்டி வாங்குவதில்லையா, அதுபோல.

2011ஆம் ஆண்டை ஒட்டி வந்த எச் 61 வகைத் தாய்ப்பலகையில் செருகுவாய் இரண்டு, டி.டி.ஆர். 3 பலகைகளாக மொத்தம் 16 ஜி.பி. வரை ஏற்கும். அதற்கு முந்திய ஜி 41 வகை 8 ஜி.பி.க்கு மேல் ஏற்காது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 4 ஜி.பி. பலகையாயின், இருபுறமும் எட்டெட்டாக 16 சில்லுகள் உள்ளதையே அது ஏற்கும். ஒருபுறம் மட்டும் எட்டுச் சில்லுள்ள புதிய பலகையை இட்டால் திரை இருண்டே நிற்கும். இதனை அறியாமல், கணிப்பொறி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்களை நாம் அறிவோம். பெரிய சர்வர் யந்திரங்களிலிருந்து கழற்றிய பலகைகள் மலிவாகக் கிடைக்கும். சாதாரண மேசைக் கணிப்பொறியில் அவற்றுள் பெரும்பாலானவை இயங்கா.

எவ்வளவு கூட்டுவது? ஊராட்சி வேலைக்கு மொத்தம் 8 ஜி.பி. தாராளம். ஒரே அளவும் ஒரே வேகமும் உடைய இரு பலகைகளை இடுதல் சிறப்பு. வேகம் மாறுபட்டால் குறைந்த வேகத்திலேயே இரண்டும் ஓடும். 32 பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் இட்டும் பயனில்லை, அது அதற்கு மேல் காணாது. 64 பிட்டுக்கு மாற வேண்டுமெனில் முழுவதையும் புதிதாக நிறுவ வேண்டும். ஆகையால், ஏடுகள் அனைத்தையும் வெளித்தட்டில் படியெடுத்த பின்னரே அவ்வேலையைத் தொடங்க வேண்டும்.

பொருத்தும் முறை

உத்தரவாதக் காலம் முடியாத யந்திரத்தை நாமே திறத்தல் கூடாது. முடிந்ததாயின், கணிப்பொறியை முறைப்படி நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிய பிறகு, முன்புறப் பொத்தானை ஐந்தாறு வினாடி அமுக்கினால் உள்ளே எஞ்சிய மின்சாரம் வடியும். பெட்டியின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட வேண்டும். நம் உடலில் தேங்கிய நிலைமின்சாரம், நமக்கே தெரியாத அளவில் பாய்ந்தாலும் சில்லைக் கெடுக்க வல்லது. பலகையை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும். செருகுவாயின் இருமுனைக் கொக்கிகளையும் விலக்கி, பலகையின் வெட்டும் வாயிலுள்ள மேடும் நேர்ப்படுமாறு நிறுத்தி, இரு முனைகளையும் ஒருசேர அழுத்தினால் கொக்கிகள் தாமே மூடிக்கொள்ளும். அந்த ஒலி கேட்கும்வரை அழுத்தத் தயங்க வேண்டாம். அரைகுறையாகச் செருகுவதே தோல்விக்கு முதற்காரணம்.

திரை வாராமல் விட்டுவிட்டுக் கூவினால் அஞ்ச வேண்டியதில்லை. மீண்டும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பலகையை எடுத்துப் பொன்னிற முனைகளை மாணவர் பயன்படுத்தும் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்து மறுபடியும் செருகுக. உப்பளங்கள் நிறைந்த மரக்காணம் பகுதியில் கடற்காற்று உலோகத்தைத் தின்பது யாவரும் அறிந்தது; அங்கே புதிதாக ஒன்றும் வாங்காமல் இத்துடைப்பினாலேயே பிழைத்தெழும் கணிப்பொறிகள் உண்டு. இரு பலகைகளையும் தனித்தனியே இட்டுப் பார்த்தால் பழுதானது எது என்பது விளங்கும். திரை வந்த பிறகு விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் என்னும் சோதனையை ஒருமுறை ஓடவிடுதல் நன்று.

பழைய பலகை வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ கட்டடங்களுள் வெள்ளம் புகுந்தது. நீரில் மூழ்கிய கணிப்பொறியின் உறுப்பு, காய்ந்த பின் சில மாதம் இயங்கிப் பிறகு நின்றுபோகக் கூடும். முனைகளில் பச்சைக் கறையோ வெண்பூப்போ தென்பட்டால், என்ன மலிவாயினும் தள்ளிவிடுக. கணிப்பொறியைத் தரையில் வைப்பதையும் விட்டொழித்தல் வேண்டும்.

விலையைப் பற்றி இங்கே எண் குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணிப்பொறிகளின் பக்கம் அவை திரும்பியதால், 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விலை உலகெங்கும் ஏறியது. எங்கோ நடக்கும் காரியம் திண்டிவனம் கடைவீதி வரை எட்டுகிறது! ஆகவே விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இரண்டு மூன்று விலைப்புள்ளிகள் பெற்ற பிறகே வாங்க வேண்டும். ஏறிய விலையிலும் அது புதிய கணிப்பொறியின் விலையில் சிறு பகுதியே.

நினைவகம் கூட்டினாலும் தீராத குறை ஒன்றுண்டு. விண்டோஸ் 10க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவாக நின்றன. எச் 61 காலத்து யந்திரங்கள் விண்டோஸ் 11க்கு உரிய தகுதி பெறாதவை. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் இயங்கும். கடிதம், கணக்கேடு முதலியவற்றிற்கு அது போதும். ஆனால் கையொப்பச் சாவி அதில் இயங்குகிறதா என்று சோதித்துப் பார்த்த பின்னரே மாற வேண்டும். அதுவும் கைகூடாவிடில், பணப் பட்டுவாடாவிற்கு மட்டும் புதிய யந்திரம் ஒன்றை வாங்கி, நினைவகம் கூட்டிய பழையதை ஏடெழுதவும் அச்சிடவும் வைத்துக்கொள்ளலாம். நாம் மேலே கூறிய ஊராட்சி அவ்வாறே செய்யத் தீர்மானித்தது. கையொப்பச் சாவியைக் கடையிலிருந்து அன்றே மீட்டு, கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டனர்.

வாங்கிய பலகையின் வகை, அளவு, தொடரெண், பட்டியல் தேதி ஆகியவற்றை இருப்புப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பெரியதை இடுவதற்காகக் கழற்றிய சிறிய பலகையைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி, அது வந்த நிலைமின் தடுப்பு உறையிலோ, அஃதில்லையேல் காகித உறையிலோ இட்டுப் பூட்டி வைக்கலாம். அதே வகை யந்திரம் இன்னும் 2 ஜி.பி.யோடு திணறும் அலுவலகம் அடுத்த ஊரிலேயே இருக்கக்கூடும்.